கடலுக்குள் ஒரு செக்கர்

டூர் தொழிலில் வண்டி ஓட்டிவிடலாம், ரூம் பிடித்துவிடலாம், தொலைந்துபோன பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிடலாம். ஆனால் ஒரு கூட்டத்தைப் பார்த்து "உங்களுக்கு எது வேணும், சொல்லுங்க" என்று கேட்கிறோமே, அங்கேதான் மனுஷன் பேஜாராகிப் போகிறான். கல்யாணத்துக்கு ஒரு வேன் நிறைய ஆளைக் கூட்டிப்போய், வழியில் "டிபனா, காபியா" என்று கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் சொந்தக்காரர்கள்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸில் முதலில் வேன் ஓட்டினேன். அப்புறம் ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற வேலை. வேளாங்கண்ணி, ஊட்டி, மைசூர் என்று போய்க்கொண்டிருந்தவனைத் தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளி பாய் கூப்பிட்டு, "தாஸு, இந்த வாட்டி கப்பல்" என்றார். ஷூ ஏற்றுமதி பண்ணுகிற கம்பெனி ஒன்று, அந்த வருஷம் நல்லா வேலை செய்த ஒரு லைன் பெண்களை, அதாவது ஒரே வரிசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு வேலை செய்து கைமாற்றுகிறவர்களை, லட்சத்தீவுக்கு அனுப்புகிறது. கொச்சியில் கப்பல் ஏறணும். கப்பலே ஓட்டல் மாதிரி. பகலில் ஒரு தீவில் நிற்கும். இறங்கினால், கண்ணாடிப் படகில் உட்கார்ந்தும் பவளப் பாறையைப் பார்க்கலாம். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, தண்ணீரில் மிதந்தும் பார்க்கலாம். ரெண்டுக்கும் நேரம் இருக்காது. எது என்று அவர்களைக் கேட்டுச் சொல்லுகிற பொறுப்பு என் தலையில்.

ரயிலிலும் லைன்தான்

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினதும், டிக்கெட்டில் இருக்கிறபடி உட்காரச் சொன்னேன். ஒருத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களாகவே எழுந்து, மாறி, நகர்ந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால், தோலை வெட்டுகிறவர்கள் ஜன்னல் ஓரம், ஓரத்தைச் சீவுகிறவர்கள் அடுத்து, மடித்து ஒட்டுகிறவர்கள் அதற்கு அடுத்து, தைக்கிறவர்கள் எதிரில். சோற்றுப் பொட்டலம் ஒரு முனையில் கொடுத்தேன். ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாமல் கைமாறிக் கைமாறி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனையோ டூரில் சோற்றுக்கு நடந்த சண்டையைப் பிரித்துவிட்ட எனக்கு, கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

டிக்கெட் பரிசோதகர் வந்து பெயரும் சீட்டும் ஒத்துப்போகவில்லை என்று முகத்தைச் சுளித்தார். தையல் மிஷினில் உட்காருகிற பரிமளா என்கிற பெண் அவருக்கே பதில் சொல்லிவிட்டாள்: "சார், எங்கள மாத்தி உக்கார வச்சீங்கன்னா, ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் யாரு பேச்சு எங்க முடியுதுன்னே தெரியாது சார்."

டீ கொடுத்துக் கேட்டது

அந்த வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர் எஸ்தர் அக்கா. அவர்தான் செக்கர். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். சரியாக இருந்தால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். அவர் பாஸ் பண்ணாமல் எதுவும் பெட்டிக்குள் போகாது. அவர் கண்ணில் சோடாபுட்டிக் கண்ணாடி. வருஷா வருஷம் பவர் ஏறிக்கொண்டே வருகிறதாம். நுணுக்கமான வேலை இனி வேண்டாம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஊர் திரும்பினதும் அக்காவுக்குப் பேக்கிங் வேலை.

இதைப் பரிமளா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். ஈரோட்டில் டீ வாங்கிக்கொடுத்து, "வருத்தமாக்கா?" என்று கேட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தினி வருஷமா எங்க தப்பு இருக்குன்னே தேடிக்கினு இருந்த கண்ணு தாஸு இது. செக்கிங் டேபிள விடுறதுக்குள்ள, நல்லதா ஒண்ணப் பாத்துட்டா போதும்."

நடுக்கடலில் கைமாற்று

தீவைச் சுற்றிப் பவளப் பாறை இருப்பதால் கப்பல் கரைக்குப் போகாது. தூரத்திலேயே நின்றுவிடும். சின்னப் படகு வந்து கப்பலின் வயிற்றுப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். அலையில் படகு ஒரு ஆள் உயரம் ஏறும், அதே மாதிரி இறங்கும். அது மேலே வருகிற நேரம் பார்த்துக் காலை வைக்கணும். வேறு டூரில் வந்திருந்த கோட்டு போட்ட ஆம்பிளைகளெல்லாம் கதவோரம் நின்று சாமியைக் கூப்பிட்டார்கள். நானும் மனசுக்குள் ரெண்டு மூணு சாமியைக் கூப்பிட்டேன்.

நம்ம பெண்கள் படகு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மிஷின் ஓடுகிற வேகத்தைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் பரிமளா காலை வைத்தாள். அவள் கையை நீட்ட அடுத்தவள், அவள் நீட்ட அதற்கடுத்தவள். எஸ்தர் அக்கா வந்தபோது நாலு கை சேர்ந்து அவரை வாங்கி உட்கார வைத்தது. கடைசியில் என்னையும் அதே மாதிரிதான் வாங்கினார்கள், அதை விடுங்கள். கதவருகில் நின்ற கப்பல்காரர் என்னிடம் கேட்டார்: "இவங்க எல்லாம் எந்தக் கப்பல்ல வேலை செய்றாங்க?"

கண்ணாடிப் படகு

முதல் தீவில் எல்லாரும் கண்ணாடிப் படகு என்று சொல்லிவிட்டார்கள். தலை நனையாது, நீந்தத் தெரியவேண்டாம். எனக்கும் நிம்மதி. படகின் அடியில் பதித்த கண்ணாடி வழியாகப் பச்சையும் ஊதாவுமாகப் பாறை ஓடியது. மஞ்சள் மீன் கூட்டமாகத் திரும்பினபோது பெண்கள் போட்ட சத்தத்தில் படகுக்காரர் துடுப்பை நழுவவிட்டார்.

எஸ்தர் அக்கா மட்டும் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி குனிந்துகொண்டிருந்தார். படகின் கண்ணாடியில் கீறல் ஜாஸ்தி. அதற்கு மேல் வெயில் பளபளப்பு. அதற்கும் மேல் அவருடைய சோடாபுட்டி. கரைக்கு வந்ததும் "இன்னாக்கா பாத்தே?" என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர்: "பரிமளா ஜாக்கெட்டுல தோள்பட்ட தையல் விட்டிருக்குது. அதத்தான் பாத்தேன்."

கத்திரி

அடுத்த நாள்தான் கடைசித் தீவு. அன்றைக்கு எல்லாருக்கும் முகமூடி வேண்டும் என்றாள் பரிமளா. கண்ணுக்கும் கடலுக்கும் நடுவில் கீறல் விழுந்த பலகை இல்லையென்றால் அக்காவுக்கும் தெரியும் என்பது அவள் கணக்கு. கடலில் இறக்கிக் காட்டுகிற தீவுக்காரர் பெயர் கோயா. நல்ல மனுஷர், தமிழும் கொஞ்சம் வரும். தண்ணீர் வற்றினால் பாறை காலைக் கிழித்துவிடும், அதனால் சீக்கிரம் இறங்கணும் என்று சொல்லி, ஆளுக்கொரு முகமூடி கொடுத்துவிட்டு லைஃப் ஜாக்கெட் எடுக்கப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் பார்த்தால், பரிமளா இடுப்பில் சொருகியிருந்த நூல் வெட்டுகிற கத்திரியை எடுத்து வைத்திருக்கிறாள். முகமூடியின் உள் ஓரத்தில் மெல்லிசாக ரப்பர் மடிப்பு நீட்டிக்கொண்டிருக்குமே, முகத்தோடு ஒட்டிக்கொள்ள, அதைப் பார்த்திருக்கிறாள். ஷூ வேலையில் ஓரத்தில் அப்படி நீட்டிக்கொண்டிருந்தால் பிசிறு; வெட்டிச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குக் கொடுக்கணும். ஒரு விரல் நீளத்துக்கு ஒழுங்காக வெட்டியும்விட்டாள். பக்கத்தில் நூர் என்கிற பெண் தன்னுடையதை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். கோயா மணலில் ஓடிவந்தார்: "ஐயோ தாயே, தண்ணி உள்ள வராம நிறுத்துறதே அதுதான்! வச்சிரு கத்திரிய!"

உட்கார்ந்துவிட்ட லைன்

வெட்டுப்பட்ட முகமூடியை மாற்றிக்கொடுத்த கையோடு அடுத்த வில்லங்கம் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முகமூடி மாட்டினால், காதுக்குப் போகிற கம்பி குறுக்கே நிற்கிறது. அந்த இடுக்கில் தண்ணீர் வந்துவிடும். கண்ணாடி இல்லாமல் மாட்டினால் அக்காவுக்குத் தன் கையே புகையாகத்தான் தெரியும். ரெண்டு விதமாகவும் மாட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கடி, நான் துணிமணியப் பாத்துக்கிறேன்" என்று அக்கா மணலில் உட்கார்ந்தார்.

உடனே பரிமளாவும் உட்கார்ந்தாள். நூர் உட்கார்ந்தாள். முகமூடியும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டினபடியே அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வேறொரு கூட்டம் முறைத்துக்கொண்டு நிற்கிறது. கோயா கடலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "இவ்ளோ தூரம் வந்துட்டு உக்காந்தா எப்படிம்மா? அக்காவே போகச் சொல்லுது. ஒவ்வொருத்தரா எறங்குங்க" என்று கெஞ்சினேன். ஒருத்தியும் அசையவில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கரண்டு போனால் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி. நூர்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: "அக்கா பாஸ் பண்ணாத எதையும் நாங்க நல்லாருக்குதுன்னு சொன்னதில்லணா. அது கடலா இருந்தா இன்னா?"

எச்சில்

அதைக் கேட்டதும் எஸ்தர் அக்கா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பரிமளாவிடம் நீட்டினார். "இந்தக் கம்பி ரெண்டும் இல்லன்னா உள்ள ஒக்காரும் இல்ல? கழட்டு."

பரிமளா பதறிப்போனாள். "வேற கண்ணாடி கொண்டாந்திருக்கியாக்கா?"

"இல்ல."

"கப்பல்ல ஏணி ஏறணும், படகு மாறணும், ரயில் ஏறணும். கண்ணு தெரியாம இன்னா பண்ணுவே?"

"உங்களுக்கெல்லாம் கை எதுக்குடி இருக்குது?"

பரிமளா கத்திரி முனையாலேயே திருகாணியைத் திருகினாள். ஒரு திருகாணி மணலில் விழுந்து போயே போய்விட்டது. கம்பி இல்லாத கண்ணாடியை முகமூடிக்குள் மூக்கு மேட்டில் உட்கார வைத்தார்கள். ஆடியது. என் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை வாங்கி ரெண்டு ஓரத்திலும் நூர் அளவாக அடைத்தாள், பிளாஸ்டரைப் போட்டு ஒட்டினாள். கோயா வாங்கி, திருப்பி, ஆட்டிப் பார்த்தார். ரப்பர் ஓரம் சுத்தமாக இருந்தது. அக்கா முகத்தில் மாட்டிப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார். மூச்சு ஆவி படிந்து மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்க்கணும், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார். முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்தர் அக்கா என்னைப் பார்த்தார்: "வேதம் படிக்கிற கண்ணாடிடா தாஸு, இதுல போய் எச்சிலா? ஆண்டவரே, தண்ணியில கழுவிடுறேன், கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்கோ."

அக்கா தலையைத் தூக்கியபோது

அக்காவுக்கு நைட்டிக்கு மேல் லைஃப் ஜாக்கெட். தண்ணீரில் இறங்கினதும் நைட்டி பலூன் மாதிரி உப்பிக்கொண்டது. அதை அமுக்கிவிட ரெண்டு பேர், சொருகிவிட ஒருத்தி. கோயா அக்காவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். குழாயில் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். முதல் வாட்டி தலையை விட்டதும் அக்கா இருமிக்கொண்டு எழுந்துவிட்டார். ரெண்டாம் வாட்டியும் அப்படியே. கோயா "போதும், கரைக்குப் போகலாம்" என்று ஜாடை காட்டினார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, மூணாம் வாட்டி குப்புறப் படுத்தார்.

இந்த வாட்டி எழவில்லை. கோயா மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரம் போகப் போக, கம்பெனிக்கு என்ன பதில் சொல்லுவேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது அக்காவின் இன்னொரு கையைப் பார்த்தேன். தண்ணீருக்குள் அதுபாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. விரலை நீட்டி ஒரு சுற்று, கொஞ்சம் தள்ளி இன்னொரு சுற்று. ஒன்றை முழுசாகப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. நேராக இழுத்துக்கொண்டு போன கோயாவை அவர்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

கடைசியில் தலையைத் தூக்கினார். குழாயைத் துப்பினார். முகமூடியைக் கழற்றவே இல்லை. நெற்றி, மூக்கு எல்லாம் அமுங்கி, அதற்குள்ளே அந்தச் சோடாபுட்டிக் கண் ரெண்டும் பெரிசு பெரிசாகத் தெரிந்தது.

"இன்னாக்கா?" என்று கத்தினாள் பரிமளா. "பாஸா?"

அக்கா முகமூடிக்குக் கீழே வழிந்த உப்புத்தண்ணியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அப்புறம் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தேடித் தேடிப் பாத்துட்டேன்டி, ரிஜெக்ட் பண்றதுக்கு ஒண்ணுகூடக் கெடைக்கல. எறங்குங்க எல்லாரும்!"

அவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கடலுக்குள் தலையை விட்டதைக் கரையில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டூர் கூட்டிப்போகிறவன் இத்தனை வருஷத்தில் நன்றாகப் பார்த்ததெல்லாம், வந்தவர்களின் முதுகும் அவர்கள் கழற்றிப்போட்ட செருப்பும்தான்.