வரிசையில் ஐந்தாவது டின்

தீபத்துக்குத் திருவண்ணாமலை போக வழியும் செலவும் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். எனக்கு அந்த ஊர் என்றால் முதலில் ஒரு மண்ணெண்ணெய் டின்தான் நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்து, எதற்கெடுத்தாலும் வரிசை நின்ற காலம். கஷ்டத்தைப் படம் பிடித்துப் பெரிய ஆளாகிவிடலாம் என்ற நினைப்பில், தீபத்துக்கு முதல் நாள் கிளம்பினேன்.

பாரிமுனையில் காலை ஐந்து மணி பஸ். நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம், டிக்கெட் பதினாறு ரூபாய். செஞ்சி தாண்டியதும் இருபக்கமும் மல்லாட்டைக் கொல்லைகள் (அந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) காய்ந்து கிடந்தன. கீழ்பென்னாத்தூரில் ஏறியவர்கள் கூலி வேலை தேடித்தான் ஏறினார்கள்.

கோயிலுக்குப் பின்தெருவில் ரேஷன் கடை. மண்ணெண்ணெய் மூன்று மணிக்குத்தான் ஊற்றுவார்கள். அதனால் ஆளுக்கொரு டின்னை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். பின்னால் கோபுரம். ஒரு படம் எடுத்தேன். ஐந்தாவது டின் மட்டும் புத்தம் புதிது, வெயிலில் பளபளத்தது. வறுமைக்கு அது ஒத்துவரவில்லை என்று தோன்றியது. என் புத்தியைச் சொல்ல வேண்டும்! அதை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தேன். திரும்ப வைக்க மறந்து சாப்பிடப் போய்விட்டேன்.

மூன்று மணிக்கு வந்தால் ஒரு பெண் அந்தப் புது டின்னோடு தவித்துக்கொண்டிருந்தார்.

"காலையில அஞ்சாவதா வச்சிட்டுப் போனேனே! நாளைக்கு மலை சுத்துற பாதையில ஸ்டவ் வச்சி டீ விக்கணும். வருசத்துல அந்த ஒரு நாள்தாங்க நாலு காசு பாக்கறேன்."

"டின்னு வரிசையில இல்லியேம்மா, கடைசில போய் நில்லு" என்றார் முன்னால் நின்றவர்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க போட்டோ புடிச்சீங்கனு சொன்னாங்க. என் டின்னு இருந்திச்சா, நீங்களே சொல்லுங்க சார்."

"பிலிமைக் கழுவிப் பார்த்தாத்தான்மா தெரியும்" என்றேன். எனக்குப் பயம்.

அவருக்கு முன்னால் நான்கு பேர் நிற்கும்போதே பீப்பாய் காலியானது. மறுநாள் மலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டரும் எங்கும் டீ குடிக்காமல் நடந்தேன்.

போகிறவர்கள் இரண்டு நாள் முன்பே அறை பிடித்துவிடுங்கள். கேமரா கொண்டுபோனால் எதையும் நகர்த்தாதீர்கள். நகர்த்திவிட்டால் அங்கேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். முதல் படத்தில் ஐந்தாவதாக அந்த டின் தெளிவாகத் தெரிகிறது. அதை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.