லிட்டருக்கு இருபத்தெட்டு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அலுவலக வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கு அவர் ‘இருபத்தெட்டு’. மேலதிகாரியே, “இருபத்தெட்டு வந்தாச்சா?” என்றுதான் கேட்பார். அவருடைய சின்ன டீசல் கார் லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடியது. ஓடியது என்பதை அவர் யாரையும் மறக்கவிட்டதில்லை. கல்யாண வீட்டில் வரிசையில் நிற்கும்போது சொல்வார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடும் சொல்வார்.

தொழிலில் அவர் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை, பிசகியிருந்தால் பூட்டு. பெட்ரோல் பங்குகளும் அவர் பொறுப்புதான். காரின் பின்சீட்டில் ஐந்து லிட்டர் பிடிக்கும் உலோகக் குவளை ஒன்று பயணியைப் போல எப்போதும் உட்கார்ந்திருக்கும். பம்பிலிருந்து அதில் ஐந்து லிட்டர் ஊற்றச் சொல்லி, குறுகிய கழுத்தில் போட்டிருக்கும் கோட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஒரு மயிரிழை குறைந்தாலும் அந்தப் பம்ப் அன்றைக்கு ஓடாது. கெஞ்சியவர்களும் உண்டு, கோபித்தவர்களும் உண்டு. அவர் அசைந்ததில்லை. அவரிடம் புகழ்வதற்கு எனக்கு அதிகமில்லை என்றாலும், இந்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

தன் காருக்கு டீசல் போடும்போது அவர் இன்னும் கறார். டேங்க் நிறைந்ததும் இறங்கி, காரின் கூரையைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவார். நுரை அடங்கி டீசல் ஒரு விரற்கடை கீழே இறங்கும். மறுபடி நிரப்பச் சொல்வார். மறுபடி ஆட்டுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். லிட்டர் என்றால் அது லிட்டராக இருக்க வேண்டும் அவருக்கு.

கார் வாங்கி இருபது வருடம். என்ஜினை ஒரே ஒரு தடவைதான் பிரித்திருக்கிறார்கள், அதுவும் ஒரு வாஷருக்காக. ஆயிலை நாள் தவறாமல் மாற்றுவார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உடனே கிளம்பாமல், எழுந்தவுடன் யாரிடமும் பேசாத மனிதனை விட்டுவைப்பது போல, இரண்டு நிமிடம் அதன் போக்கில் விட்டுவைப்பார். கூரைத் துணி தொங்கிப்போய், அதை அலுவலகத்துக் குண்டூசிகள் தாங்கிக்கொண்டிருந்தன. இடது பக்கக் கண்ணாடியை ஏற்றும் கைப்பிடி கழன்றுவிட்டதால் அது டாஷ்போர்டுப் பெட்டியில் இருந்தது. வேண்டும்போது எடுத்து மாட்டிச் சுற்றிவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும். சத்தம் மட்டும் குறையவே இல்லை. அவர் மனைவியின் பெரிய குறை அதுதான். இந்தக் காரில் கணவனிடம் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும் என்றால் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பார்.

அந்த அம்மாள் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக்கூடச் சும்மா கடக்க அவரால் முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் கணவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார்: மீட்டர் நாலு லட்சம் கிலோமீட்டரைத் தொட்டதும் காரை விற்றுவிட வேண்டும். நாலு லட்சம் அப்போது வெகுதூரத்தில் இருந்ததால் கணவரும் தாராளமாகத் தலையாட்டிவிட்டார்.

தூரம் ஒருநாள் பக்கத்தில் வரும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். இவருக்கு அது ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது வந்தது. முதல் தராசைச் சோதிக்கப் போன காரிலேயே கடைசித் தராசையும் சோதிக்கப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. பழைய கார் வியாபாரி திங்கட்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார். மீட்டரில் மூன்று லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு இருந்தது. மீதி நாற்பத்திரண்டையும் சேர்ந்தே ஓட்டி முடித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை இருவரும் நெடுஞ்சாலையில், வீட்டருகே இருந்த பூஜ்யக் கல்லிலிருந்து கிளம்பினார்கள்.

வழி நெடுக மனைவி கிலோமீட்டர் கற்களை வாசித்துக்கொண்டே வந்தார். கண்ணில் எழுத்துப் பட்டால் வாசித்தாக வேண்டும், அவ்வளவுதான். இருபதாவது கல் தாண்டியதும் மீட்டரை எட்டிப் பார்த்தார்.

“கல்லு இருபதுங்குது. உங்க மீட்டர் இருபத்தொண்ணுங்குது. யாருங்க பொய் சொல்றது?”

கல் நட்டவர்கள் அளந்தா நட்டிருக்கப் போகிறார்கள் என்று அவர் முணுமுணுத்தார். அம்மாள் விடவில்லை. நாற்பதாவது கல் வந்தபோது, சொல்லிவைத்தாற்போல, மீட்டரின் ஒன்பதுகள் எல்லாம் ஒரே சமயத்தில் புரண்டு நாலு லட்சமாயின. கல்லில் நாற்பது, மீட்டரில் நாற்பத்திரண்டு. கைதட்டக் காத்திருந்த அம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். ஓரமாக நிறுத்தி மிட்டாய் சாப்பிடுவதாகத் திட்டம். இருபது வருடம் பிறர் தராசைச் சந்தேகித்தவர் அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன் மீட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாக்குக்கட்டியையும் அளவு நாடாவையும் எடுத்தார். டயரில் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் வரை காரைத் தள்ளினார். அம்மாள் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாறு மீட்டர் எழுபத்திரண்டு சென்டிமீட்டர். காரோடு வந்த கையேட்டில் இருந்த டயர் அளவுக்குக் கணக்குப் போட்டால் பதினேழு மீட்டர் அறுபது வர வேண்டும். டயரின் பக்கவாட்டில் இருந்த எண் கையேட்டின் எண்ணாக இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மதியம் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த அளவு டயர் இப்போது வருவதில்லை, இதுவும் அதே மாதிரிதான் என்று டயர் கடைக்காரர் சொல்லியிருந்தார். காய்கறிக்காரி ஒருத்தி இந்தக் கல்லும் அதே மாதிரிதான் என்று சொல்லியிருந்தால் தராசையே பறித்திருப்பவர், அன்று சரி மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அதன்பின் தேய்ந்த டயரைப் பார்த்தே புது டயர் வாங்கியதால் தவறு பரம்பரையாக வந்துவிட்டது. சின்ன டயர் ஒரு கிலோமீட்டருக்கு அதிகம் சுற்றும். மீட்டர் சுற்றைத்தான் எண்ணும், சாலையை எண்ணாது.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது. சின்ன டயரில் ஓடியது மீட்டர் கணக்கில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். நூற்றுக்கு ஐந்து கூடுதல். ஆக, பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடாமலே ஓடியதாகக் காட்டியிருக்கிறது. சமையலறைக்குப் போய், சட்டம் வாசிக்கும் குரலில், நாலு லட்சம் இன்னும் ஆகவில்லை என்று மனைவியிடம் அறிவித்தார். சரியான நாலு லட்சத்துக்கு இன்னும் ஏழு மாதத்துக்கு மேல் இருக்கிறது. வாக்கு கொடுத்தது கிலோமீட்டருக்குத்தானே தவிர மீட்டருக்கு இல்லை.

அம்மாள் முழுக்கக் கேட்டார். ஒரு வரி அச்சில் எங்கே உடைகிறது என்று பார்க்கும் கண்ணால் அவரைப் பார்த்தார்.

“அப்ப இருபத்தெட்டு?”

“அது வேற.”

“எப்படிங்க வேற? அதே மீட்டர்தானே?”

அவர் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். இருபத்தெட்டில் நூற்றுக்கு ஐந்தைக் கழித்தால் இருபத்தாறு புள்ளி ஆறு. இத்தனை வருடம் அவர் லிட்டரைத்தான் ஆட்டி ஆட்டிச் சோதித்தார். வகுத்தலில் கீழே இருந்த எண்ணை ஆயிரம் தடவை சந்தேகித்தவர், மேலே இருந்த எண்ணை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டயர் மாற்றிய மாதத்தில்தான் மைலேஜ் திடீரென்று கூடியது. பெடல் மிதிக்கும் தன் கால் பக்குவப்பட்டுவிட்டதென்று அப்போது மூன்று நாள் பூரித்துப்போயிருந்தார். பெரும்பாலான மனிதர்களின் பக்குவமும் ஏறக்குறைய இப்படித்தான் நேர்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டில் ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும். மீட்டர் மெய் என்றால் பெயர் இருக்கும், கார் நாளைக்குப் போய்விடும். மீட்டர் பொய் என்றால் கார் இருக்கும், இருபத்தெட்டு போய்விடும். டீ ஆறி ஏடு படியும் வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, மீட்டர் பொய்தான் என்றார்.

அம்மாள் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். “நிஜ நாலு லட்சம் வரைக்கும் வச்சுக்கங்க. கடைசி மாசம் பஸ்ல போங்க. ஆனா இருபத்தெட்டுன்னு யார்கிட்டல்லாம் சொன்னீங்களோ, அவங்ககிட்டல்லாம் நீங்களே போய்ச் சொல்லணும்.”

“ஊர் முழுக்கச் சொல்லியிருக்கேனே.”

“கார்தான் குறைச்சலா குடிக்குதே. போயிட்டு வாங்க.”

திங்கட்கிழமை வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு அலுவலகத்தில் தொடங்கினார். மேலதிகாரி கவலையோடு கேட்டுவிட்டு, ஓய்வு நெருங்கும்போது இப்படியெல்லாம் தோன்றும், இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருபத்தாறு புள்ளி ஆறு என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆபீஸ் முடிந்துவிடும் என்று தட்டச்சு செய்யும் பெண் சொல்லிவிட்டாள். பெட்ரோல் பங்க் முதலாளிதான் நன்றாகச் சிரித்தார். இனிமேலாவது காரை ஆட்டாமல் இருப்பீர்களா என்று கேட்டார். இருக்கமாட்டேன் என்றார் இவர். வெள்ளிக்கிழமைக்குள் பல் மருத்துவர் உட்பட எல்லோரிடமும் சொல்லியாயிற்று. சொல்லச் சொல்லச் சுலபமாகிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில், பழைய பெருமையின் அதே குரலில் இந்தக் கதையையும் சொல்கிறோமோ என்ற சந்தேகம் அவருக்கே வந்தது.

“எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு,” என்றார் மனைவியிடம்.

“என் தம்பி?”

அவரைத்தான் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். மைத்துனர் பூட்டுக் கடை வைத்திருப்பவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், இவர் கொடுத்த நச்சரிப்பில், இதே மாடல் காரைப் பழையதாகத் தேடிப் பிடித்து வாங்கினார். அந்தக் கார் ஒரு நாளும் இருபத்தெட்டு கொடுக்கவில்லை. இருபத்தாறு புள்ளி ஒன்பதோடு நின்றது. உனக்குக் கால் கனம், அழுத்தி மிதிக்கிறாய் என்று இவர் சொன்னார். ஒவ்வொரு விருந்திலும், ஒவ்வொரு பிறந்தநாளிலும், குடும்பம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஊருக்குச் சொன்னது வெறும் பெருமை. இங்கே மட்டும் அந்தத் தப்புத் தராசில் ஓர் ஆளை நிறுத்திக் குறைவு என்று முத்திரையே குத்தியிருந்தார். அதனால்தான் கால் எழவில்லை.

சனிக்கிழமை கணவனும் மனைவியும் பூட்டுக் கடைக்குப் போனார்கள். மைத்துனர் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். டயர், கல், சாக்குக்கட்டி, நூற்றுக்கு ஐந்து. அரம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

“அப்ப என் காலு?” என்றார் மைத்துனர்.

“உன் கால்ல ஒண்ணுமில்ல மாப்ளே. கணக்குப் பாத்தா என்னோடத விட உன்னோடது புள்ளி மூணு ஜாஸ்தி. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

மைத்துனர் நம்பவில்லை. ஒன்பது வருடத் தீர்ப்பு அவ்வளவு எளிதில் இறங்காது. “முதல்ல என் டயரை அளங்க மாமா,” என்றார். தெருவில் நின்ற அவருடைய காருக்குக் கோடு போட்டு, மூவரும் சேர்ந்து தள்ளி, பத்துச் சுற்று அளந்தார்கள். பதினேழு மீட்டர் ஐம்பத்தெட்டு. ஆய்வாளர் முழங்கால் போட்டு, ஒரு கண்ணை மூடி, நாடாவை இரண்டு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, சரி என்றார். அலுவலகத்தில் சொல்லும் அதே ‘சரி’. அதற்கு மேல் அவரிடம் பாராட்டு கிடையாது என்று மைத்துனருக்குத் தெரியும்.

அப்போதுதான் ஆய்வாளர் கவனித்தார். வண்டி ஓட்டும் பக்கம், பெடல்களுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில், ஒரு சின்னத் துண்டு விரித்திருந்தது.

“இது எதுக்கு?”

“காலுக்கு மாமா. கனம்னு சொன்னீங்கல்ல. செருப்போட எடையாவது குறையட்டும்னு அன்னிலேருந்து வெறுங்காலாத்தான் ஓட்டுறேன்.”

“ஒன்பது வருஷமாவா?”

“மழைக்காலத்துல கொஞ்சம் ஜில்லுனு இருக்கும். பழகிடுச்சு.”

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணையும் அடக்க முடியவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, உடனே செருப்பு மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். மைத்துனர் கடைக்குள் போய்ப் புது ஷூவையே போட்டுக்கொண்டு வந்தார். கயிற்றை இறுக்கக் கட்டினார். ஆய்வாளர் பின்சீட்டில் ஏறினார். என்ஜின் தடதடவென்று எழுந்தது. மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்து, கியர் போட்டு, மிதித்தார். கார் தவளையைப் போல ஒரு தாவு தாவி நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி ஒரு தாவு. குண்டூசி இல்லாத கூரையில் ஆய்வாளரின் தலை இடித்தது.

மைத்துனர் குனிந்து கயிற்றை அவிழ்த்து, இரண்டு ஷூவையும் கழற்றி, பின்னால் திரும்பி மாமாவின் மடியில் வைத்தார். பிறகு வெறுங்காலால் மெதுவாக மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. தெருமுனை வருவதற்குள், டீசல் வீணாகாதபடி, மூன்றாவது கியருக்கு மாற்றிவிட்டார். அவ்வளவு சீக்கிரமாகவா மாற்றுவாய் என்று சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டார் ஆய்வாளர், ஷூக்களை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னால் சாய்ந்து.