அப்பா கட்டிய கட்டு

எங்கள் வீட்டில் விடிந்ததுமே ஊதுபத்தி புகையத் தொடங்கிவிடும். அந்த மல்லிகை வாசனைக்கு அடியில், ஈரத்துணி நெடுநேரம் மூட்டையாகக் கிடந்தால் வருவதுபோன்ற ஒரு வாடை இருப்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அது அம்மாவின் இடது கணுக்காலுக்கு மேலே, உட்புறம் இருந்த புண்ணின் வாடை.

அம்மா இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், அறுந்துபோகிற இழைகளை ஒட்டிக்கொண்டு ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை பார்த்தாள். தம்பி பிறந்த பிறகு அவள் கால் நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டன. "நரம்பு சுருட்டல்" என்றார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில், மில்லில் தள்ளுவண்டி உரசிய சின்னச் சிராய்ப்பு ஆறாமல் உள்ளங்கையளவுக்கு விரிந்தது. பச்சிலை, களிம்பு, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. மேலே காய்ந்து நம்பிக்கை காட்டும், பிறகு மறுபடி கசியும். தெருவில் "ஆறாப் புண்ணு" என்று பேரே வைத்துவிட்டார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்திலிருந்த பெண் எழுந்து இடம் மாறிப்போனதற்குப் பிறகு, அம்மா விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா, ஒருநாள் கடையை அடைத்துவிட்டு, அம்மாவையும் என்னையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றி, இப்படிப்பட்ட புண்களைப் பார்த்துப் பழகிய ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

"காலை எடுத்துருவீகளா?" என்பதுதான் அம்மா கேட்ட முதல் கேள்வி.

டாக்டரம்மா பாதத்தின்மேல் விரல் வைத்து நாடித்துடிப்பை நிதானமாகப் பார்த்தார். "எடுக்க வேண்டாம்மா, கட்டுனாப் போதும். இம்புட்டு நாளும் புண்ணுக்கு மட்டும் மருந்து போட்டிருக்கீங்க. ரத்தம் மேல ஏறாம காலுக்குள்ளயே தேங்குது. இறுக்கிக் கட்டி அதை மேல ஏத்துனாத்தான் ஆறும்."

விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழேவரை, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும், சுருக்கம் விழாமல் கட்ட வேண்டும். காலையில் பாதம் தரையில் படுமுன்பே கட்டிவிட வேண்டும். அப்பா அங்கேயே கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து, கையில் ஊறிய கிரீஸை மண்ணெண்ணெயில் போக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தினமும் தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலை மடியில் வாங்கிக்கொள்வார்.

வன்னியம்பட்டியிலிருந்து வந்திருந்த அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "ஏலே, பொண்டாட்டி காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, பாக்கறவுக என்ன சொல்லுவாக?"

அப்பா நிமிரவில்லை. "நாம உக்காந்து திங்க இந்தக் காலுதான நின்னுச்சு, அக்கா. செத்த அந்தக் கத்திரியை எடு." அத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பாதி ஆறியதும் அம்மா பிடிவாதமாக மில்லுக்குத் திரும்பினாள். புண் மறுபடி திறந்துகொண்டது. "விட்டுருங்க, இது என்னோடயே போகட்டும்" என்று அழுதாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அவள் காலை மடியில் வாங்கிக்கொண்டார். பிறகு அம்மா மில் வேலையை விட்டு, மருத்துவமனைகளுக்கு அனுப்பும் பேண்டேஜ் துணியைச் சுருட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே உட்கார்ந்து, காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கோடையில் டாக்டரம்மா கட்டைப் பிரித்தபோது, புண் இருந்த இடத்தில் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் மூடியிருந்தது. அம்மா நம்பாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

நரம்பு அப்படியேதான் இருந்தது என்பதால் கட்டு மட்டும் தொடர்ந்தது. அப்பா இருந்தவரை வேறு யாரும் அதைக் கட்டியதில்லை. அந்த மில் இப்போது இல்லை; துணிக் கட்டும் போய், மருந்துக்கடையில் முழங்கால்வரை இழுத்துவிடுகிற உறை வந்துவிட்டது. அம்மாவே மாட்டிக்கொள்கிறாள். ஆனால் தினமும் கண்விழித்ததும் கட்டிலில் காலை நீட்டியபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகுதான் உறையைக் கையில் எடுப்பாள்.