ஆறாவது படத்தின் ஈரம்

அன்பானவர்களே, என் கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நான் நடைப்பிணமாக அலைந்த நாட்களைச் சொல்கிறேன்.

போன வருஷம் எங்கள் ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். சுவர் விளம்பரம் எழுதுகிற என் கணவர் அதற்குப் பிறகு பிரஷ்ஷையே தொடவில்லை. பங்குனியில் ஒருநாள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. எங்கள் விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டி வரை தேடாத இடமில்லை. கிணற்றில் ஒரு பிணம் கிடக்கிறது, வந்து பார் என்று போலீஸ் கூப்பிட்டார்கள். போனேன். வேறு யாரோ. அதற்குப் பிறகு எனக்கு ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை.

மாதா திருவிழாவுக்கு விளாத்திகுளத்திலிருந்து பசுவந்தனை வழியாகக் கயத்தாறு பக்கமுள்ள கோயிலுக்கு நடந்து போவோம். வழியில் ஏழு ஊர்ச் சுவர்களில் மாதாவின் ஏழு வியாகுலங்களும், அதாவது அவள் பட்ட ஏழு துயரங்களும், வரைந்திருக்கும். ஒவ்வொரு படத்திலும் மாதாவின் பாதத்தில் நெற்றியை வைத்துவிட்டுத்தான் மேலே நடப்போம். எல்லாம் என் கணவர் வரைந்தவை. திருவிழாவுக்கு முன்னால் அவரே வர்ணம் பூசுவார். இந்த வருஷம் ஆளில்லாமல் வெளுத்துக் கிடந்தன.

"வீட்டுலயே கெடந்தா செத்துருவ, வாட்டி" என்று பக்கத்து வீட்டு ஜெபமாலை அக்காதான் இழுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது படத்தில், காணாமல் போன பிள்ளை இயேசுவை மாதா தேடுகிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது. "ஒனக்கு மூணாம் நாளே கெடச்சிட்டான். எனக்கு?" என்று கத்திவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

ஆறாவதில், இறந்த மகன் தாய் மடியில் கிடக்கிறான். பார்க்கத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை வைத்தேன்.

"ஏட்டி, நெத்தியில என்னட்டி நீலமா இருக்கு?" என்றார் அக்கா.

தொட்டால் ஈர பெயிண்ட். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மாதாவின் அங்கி புது நீலம். மகனின் முகம் மட்டும் வெறும் சுண்ணாம்பு.

இது அவர் கைதான். சுவருக்குப் பின்னால் ஓடினேன். தாடியும் எலும்புமாக, பெயிண்ட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் ஆட்டுக்காரர்கள்தான் யாரென்று தெரியாமலே இத்தனை நாளும் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள்.

"பிள்ள மொகம் வரமாட்டேங்கு" என்றார்.

"வீட்டுக்கு வாங்க. அங்கன ரெண்டு பேருமா அழுவோம்" என்றேன்.

வந்துவிட்டார். இன்னும் சிரிப்பதில்லை. மகளும் திரும்பப் போவதில்லை. ஆனாலும் மாதாவுக்குக் கோடி நன்றி. இப்போது யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் உட்காருகிறவள் நான்தான். காத்திருந்து காத்திருந்து நொந்துபோன சகோதரிகளே, விசுவாசம் செத்துவிட்டது என்று தோன்றினாலும் எழுந்து வாருங்கள். கால் நடந்தால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.