லிஃப்ட் ஏறிய சனிக்கிழமை

மாரியம்மன் அடியார்கள் அனைவருக்கும் என் வணக்கம். இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவன். வெள்ளிக்கிழமை பஜனையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து உதடு மட்டும் அசைக்கிறவன். மைக்கை நீட்டினால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவேன். "பேச வேண்டாம், எழுதியாவது குடுங்க" என்று பஜனைக் குழுவினர் கேட்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவிந்தாபுரம் பக்கத்தில் என் வீடு. என்னிடம் ஒரு பழைய டிராக்டர் இருக்கிறது. அதை வாடகைக்குச் சேற்றுழவு ஓட்டுகிறேன். பின்னால் மாட்டியிருக்கும், சேற்றைக் கிளறும் ரோட்டவேட்டரை வரப்பு ஏறும்போதும் திரும்பும்போதும், பம்பு எண்ணெயை அழுத்தி இயக்கும் லிஃப்ட்தான் தூக்க வேண்டும். லிஃப்ட் தூக்கவில்லை என்றால் வயலுக்குள் இறங்கவே முடியாது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், வியாழக்கிழமை காலை, அந்த லிஃப்ட் நின்றுவிட்டது. வீட்டில் கிளம்பும்போது ஒழுங்காகத் தூக்கியது. ருக்மணியக்காவின் வயல் ஓரத்துக்கு வந்தபோது ரோட்டவேட்டர் பாதி வரை நடுங்கி நடுங்கி ஏறியது. பம்பு முனகியது. பிறகு மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது. எத்தனை தடவை கைப்பிடியை இழுத்தும் அசையவில்லை.

ருக்மணியக்கா ஒன்றரை ஏக்கரைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துத் தனி ஆளாகச் செய்கிறவர். நாற்று வயசு தாண்டிக்கொண்டிருந்தது. ஞாயிறு சாயங்காலம் வாய்க்கால் தண்ணீரை நிறுத்துவதாக இரிகேஷன் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் உழுது தண்ணீர் கட்டவில்லை என்றால் அவருக்கு இந்தப் போகம் இல்லை.

"வேற வண்டி வரட்டுமான்னு கேட்டாங்கப்பா. மணி வருவான்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பக்கத்து வயல் கருப்பசாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான். "ஏனுங் மணியண்ணா, நேத்து வண்டிக்கு மாலையென்ன, பொரியென்ன. பொரி பத்தலைன்னு படுத்துருச்சுங்ளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி நின்றேன். ஆனால் என் மனதிலும் அதுதான் ஓடியது. பூஜையில் என்ன குறை வைத்தேன்? தாய்க்கு என்மேல் என்ன கோபம்?

ரோட்டவேட்டரைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மதியம் கொல்லங்கோட்டிலிருந்து மெக்கானிக் வந்தார். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "எண்ணெய் பார்த்தியா மணி?" என்றார்.

"குச்சி உட்டுப் பாத்தனுங்க. எப்பவும் இருக்கறதை விடக் கூடவே இருக்குதுங்க."

"அப்போ பம்பு போச்சு. கோயமுத்தூரில் சொல்லிப் புதுசு வரவழைக்கணும். செவ்வாய் ஆகும்."

செவ்வாய்க்கிழமை வந்து என்ன பிரயோஜனம்? வெள்ளிக்கிழமை முழுக்கத் தெரிந்த வண்டிக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தேன். தண்ணீர் நிற்கப்போகிற நேரம், ஒருவருக்கும் ஓய்வில்லை. ருக்மணியக்கா வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிப்போய்க் கோயிலை அடைந்தேன்.

அன்றைக்குத் தூணுக்குப் பின்னால் போகவில்லை. முன்னால் நின்றேன். "தாயே, வண்டிக்காகக் கேட்கவில்லை. அந்த அக்கா என் பேச்சை நம்பியிருக்கிறார். வழி காட்டு" என்று வேண்டினேன். அழுதுவிட்டேன். அதுவும் முழு உண்மையில்லை. என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயமும் சேர்ந்திருந்தது. உங்களிடம் மறைக்கக் கூடாது.

அப்போது சன்னதி விளக்கு படபடவென்று வெடித்தது. பூசாரி திரியைத் தூண்டினார். மறுபடியும் வெடித்தது. எண்ணெய் ஊற்றிய பெண்ணிடம் அவர் சொன்னார்: "கிண்ணியைக் கழுவிப்போட்டு துடைக்காம ஊத்துனயாட்ட இருக்குது. எண்ணெயில தண்ணி கலந்தா இப்படித்தான் வெடிக்கும்."

எனக்குச் சட்டென்று வண்டியின் எண்ணெய் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை பூஜைக்காக வண்டியைக் கழுவினேன். அம்மன் முன்னால் சேற்றோடு நிறுத்தக் கூடாது என்று மோட்டார் தண்ணீரை ஓஸில் பிடித்துப் பின்பக்கமெல்லாம் பீய்ச்சி அடித்தேன். எண்ணெய் அளவு பார்க்கும் துளையின் மூடி தொலைந்து ரொம்ப நாளாகிவிட்டது. பழந்துணியைச் சுருட்டி அடைத்திருந்தேன். தண்ணீர் அது வழியாக உள்ளே போயிருக்கிறது. எண்ணெய் கூடுதலாக இருந்ததும் அதனால்தான். நான் அளவை மட்டும் பார்த்தேன், நிறத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு ஓடி, வண்டியிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் எடுத்து அடுப்பில் காயவைத்தேன்.

"ஏனுங், அது தாளிக்கற கரண்டிங்க" என்றாள் என் மனைவி.

"வேற வாங்கித் தர்றேன். சித்தெ பேசாம இரு."

எண்ணெய் படபடவென்று வெடித்தது. விளக்கு வெடித்த அதே சத்தம்.

சனிக்கிழமை காலை மெக்கானிக்கையும் அழைத்து எண்ணெய் வடிக்கும் அடிப்போல்ட்டைத் திறந்தோம். முதலில் வெறும் தண்ணீர் வந்தது. பிறகு பால் டீ மாதிரி எண்ணெய். வடிகட்டியில் களி போல அடைத்திருந்தது. டீசலில் கழுவினோம். உள்ளேயும் டீசல் விட்டு அலசி வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினோம். மெக்கானிக் பம்பைக் கையால் சுற்றிப் பார்த்து, "இதுக்கு ஒரு கேடும் இல்லை. நான்தான் அவசரப்பட்டேன்" என்றார். தொலைந்த மூடிக்குப் பதிலாக ஒரு இரும்பு மூடி செய்து, அதில் வளைந்த சின்னக் குழாய் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். குழாயின் வாய் கீழே பார்த்திருக்கும். காற்று போகும், தண்ணீர் போகாது.

மதியம் வயலோரத்தில் ரோட்டவேட்டரை மாட்டினேன். முதல் இழுப்பில் நடுங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. உள்ளே இருந்த காற்று போகப் போக நடுக்கம் குறைந்தது. ஐந்தாவது தடவை நேராக மேலே ஏறி நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"ஏறிருச்சாப்பா?" என்றார் ருக்மணியக்கா.

"ஏறிருச்சுங்க்கா."

"அப்பறம் என்னத்த அண்ணாந்து பாத்துட்டு நிக்கறே? எறக்கி ஓட்டு."

ஞாயிறு மதியத்துக்குள் ஒன்றரை ஏக்கரும் உழுது முடித்தேன். வாய்க்காலை அடைக்கும் முன் வயல் நிறையத் தண்ணீர் கட்டிவிட்டார் அக்கா.

தாய்க்கு என்மேல் கோபமே இல்லை என்று இப்போது புரிகிறது. பக்தியில் அவசரப்பட்டுக் கெடுத்தவன் நான். அதையும் அவள் தன் சன்னதியிலேயே எனக்குக் காட்டித் திருத்தினாள். இப்போதெல்லாம் ஒன்று கெட்டால், சாமி என்னைத் தண்டிக்கிறது என்று நினைப்பதில்லை. வேண்டிக்கொண்டு, நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று தேடுகிறேன். கஷ்டத்தில் இருக்கிறவர்கள் வெட்கப்படாமல் முன்னால் வந்து நின்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். எனக்கு உதவியவள் உங்களுக்கும் உதவுவாள்.

உழுது முடித்த மறுநாள், திங்கட்கிழமை, ருக்மணியக்கா வயலில் ஏழு பேர் நடவு நட்டார்கள். மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது.