அட்டைப் படத்தில் இல்லாதவர்

டமாரம் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அதை யாரும் நம்பியதில்லை. அவரும் சொல்வதை விட்டபாடில்லை. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அவர் தலையெழுத்தைக் கேளுங்கள். அந்தக் குழுவின் வேனையும் அவர்தான் ஓட்டினார். முதல் இசைத்தட்டுக்கு அட்டைப் படம் எடுக்கப் போன அன்று வழியில் வேன் மக்கர் பண்ணியது. அடியில் படுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்தால், படத்துக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. போட்டோக்காரரோ காலில் வெந்நீர் கொட்டியதுபோல் பறந்தார்.

"ஒரு போட்டோதானேண்ணே! உங்க மச்சானை நிக்க வைங்க. என்ன குறைஞ்சிடப் போகுது?" என்று மேனேஜரிடம் சொன்னது வேறு யாருமில்லை, இவரேதான். குச்சிகளையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு நல்லவராக இருக்கச் சொல்லி இந்த மனுஷனை யார் கேட்டது?

பிறகு பாடகர் இறந்துபோனார், குழு கலைந்தது. மற்றவர்கள் போன இடம் தெரியவில்லை. பல வருடம் கழித்து அந்த மச்சான் நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் ஊர் ஊராகக் கிளம்பினார். 'அதே பழைய டிரம்மர்' என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்து. டமாரத்துக்கு வயிறு எரிந்தது. கோர்ட்டுக்குப் போனார்.

"எனக்குப் பங்கு எதுவும் வேணாங்கய்யா. வாசிச்சது நான்தான்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும்."

நீதிபதி அட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். மேனேஜர் தன் மச்சானை விட்டுக்கொடுக்கவில்லை. குழுவின் பெயரும் டிரம்மர் என்ற பெயரும் மச்சானுக்கே என்று தீர்ப்பாயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். அந்தக் குழு இந்த ஊருக்கே வந்தபோது மனசு கேட்கவில்லை. "எதுக்குங்க வீணா மனசைப் புண்ணாக்கிக்கிறீங்க?" என்று மனைவி தடுத்தும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

இரண்டாவது பாட்டில் அவருக்கு விஷயம் பிடிபட்டது. மேடையில் மச்சான் சும்மா குச்சியை வீசிக்கொண்டிருந்தார். வந்த சத்தம் பழைய ஒலிப்பதிவு. அதைப் பதிவு செய்த அன்று குச்சி நழுவி ஓர் அடி விட்டுப்போனது. அதை மறைக்க அவசரமாக மூன்று அடி சேர்த்துப் போட்டிருந்தார் டமாரம். அந்த மூன்று அடியும் அப்படியே வந்து விழுந்தன. மச்சான் அதற்கும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

பின்வரிசைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது காதில் விழுந்தது.

"கேட்டீங்களா அந்த மூணு அடியை? இன்னைக்கும் வேற எவன் கைக்கும் வராதுங்க."

இத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை. தன்னை அறியாமல் எழுந்து அவர் பக்கம் திரும்பினார்.

"உட்காருங்க சார்" என்றார் அந்த மனிதர். "டிரம்மரை மறைக்கிறீங்க."

டமாரம் உட்கார்ந்தார்.