சாய்ந்த கோடு

பதுளை அலுவலகம் ஒன்றில் பழைய பதிவுகளைக் கணினியில் தேடித் தருபவர் அவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார். அம்மாவின் அடையாள அட்டைக்காக அவள் பிறப்புப் பதிவைக் கேட்டுப் போனேன். பட்டியலில் பெயர் இருந்தது, பதிவு திறக்கவில்லை.

"தோட்டத்து வீட்டு இலக்கத்த, லயம் நாலு, காம்பரா பன்னெண்டுன்னு நடுவுல சாஞ்ச கோடு போட்டு ஃபைலுக்குப் பேர் வச்சிருக்காங்க. இந்தப் புது சர்வர் அந்தக் கோட்ட ஏத்துக்காதுங்க."

"பேர மாத்துங்களேன்."

"எனக்கு அனுமதி இல்லிங்க."

"அப்ப பதிவு இல்லன்னு கடிதம் தாங்க. புதுசா பதிஞ்சிக்கிறோம்."

"இருக்கிறத எப்பிடிங்க இல்லன்னு எழுதுறது?"

அடுத்த முறை அம்மாவையே கூட்டிப் போனேன். அவர் எழுந்து நின்று திரையைத் திருப்பினார். "இந்தா இருக்கீங்கம்மா."

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அவரைக் கும்பிடவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை.